இரண்டு விரல் மேலே

ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படமெடுக்கிற எக்கோ அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, யாரும் யாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்: உன் சொந்தக்காரர் வந்து படுத்தால் நீ எழுந்துகொள், பக்கத்து அறை ஆளைக் கூப்பிடு. அத்தனை பேருக்கும் தெரிந்தது எக்கோக்காரிக்கு மட்டும் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தாள் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

சும்மா சொல்லக்கூடாது, கை அவளுக்கு அப்படி. ஜெல்லைத் தடவி அந்தச் சின்னக் கருவியை நெஞ்சில் வைத்தாளானால் உள்ளே துடிக்கிற இதயம் திரையில் பளிச்சென்று வந்து நிற்கும். மற்றவர்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிற ஆளை அவள் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிடுவாள். பக்கத்து அறையில் ஒருத்தர் இருந்தார், ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை எடுத்துப் பார்க்கிற மனுஷர். அவருக்கு 'ஆமை' என்று பேர் வைத்ததே இவள்தான். பெரிய டாக்டர் ஆமையின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், இவளுடையதைப் படிக்காமலே போடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே கர்வம்.

வந்து படுத்தவர் அவளுடைய அத்தான். அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப்போனவர். ஐந்து நாளைக்கு முன்பு, ஒரு பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அடைத்த குழாயைத் திறந்து, உயிரைக் காப்பாற்றி, வார்டுக்குக் கொண்டுவந்து போட்ட மறுநாளே மனுஷர் கேலியை ஆரம்பித்துவிட்டார். "அன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு முதல் தடவையா ஒழுங்கா பிரேக் போட்டுச்சு. பாராட்டலாம்னு வாயைத் திறந்தேன், மாரடைப்பு வந்துடுச்சு."

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு எக்கோ பாக்கி இருந்தது. அதுதான் முக்கியமான எக்கோ. அத்தானைப் போல மாரடைப்பில் இதயத்தின் முன்சுவரில் பலமாக அடி வாங்கியவர்களுக்கு அந்தச் சுவர் சரியாக அசையாது. கீழே நுனியில் இரத்தம் ஓடாமல் தேங்கும். தேங்குகிற இடத்தில் உறைந்து கட்டியாகும். கட்டி அங்கேயே கிடந்தால்கூடப் பரவாயில்லை, துண்டாகி ஓட்டத்தில் கலந்தால் நேரே மூளைக்குப் போய் அடைக்கும். இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் இரத்தத்தை இளக்குகிற மருந்து கொடுத்துக் கரைத்துவிடலாம். கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். "நுனியைப் பார்க்காம கையெடுக்காதீங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் எக்கோக்காரி சொல்லிச் சொல்லி அவர்கள் காதே புளித்துப்போயிருந்தது.

"நான் பார்க்கிறேனே, நீங்க என் ஆளைப் பாருங்க" என்று ஆமை வாசலில் வந்து நின்றார்.

கூட வந்திருந்த அக்கா விடவில்லை. "எதுக்கு? என் தங்கச்சி இருக்கும்போது வேற ஒருத்தர் எதுக்கு? நீ பாருடி. நீ பார்த்துச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

எக்கோக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பத்து நிமிஷ வேலைதான்க்கா" என்று சொல்லி ஆமையை அனுப்பிவிட்டாள்.

கதவு சாத்தின பிறகுதான் சங்கடம் புரிந்தது. அக்காவுக்குக் கல்யாணமானபோது இவளுக்குப் பதினாறு வயசு. இந்த முப்பது வருஷத்தில் அத்தானைச் சட்டையில்லாமல் ஒரு தடவை பார்த்ததில்லை. கேலி பேசுவார், வம்புக்கு இழுப்பார், ஆனால் மச்சினி வருகிறாள் என்றால் எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆள். அவர் இப்போது நாலு பட்டனை மட்டும் கழற்றிவிட்டு, போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது பக்கம் நன்றாகத் திரும்ப வேண்டும், கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். பாதிதான் திரும்பினார். கை காது வரைக்கும்தான் போனது.

வேறு யாராக இருந்தாலும் "ஐயா, வெட்கப்பட்டா ஆகாது" என்று அதட்டி, தோளைப் பிடித்துத் திருப்பி, போர்வையை விலக்கி, மார்புக்குக் கீழே விலா இடுக்கில் கருவியை அழுத்தியிருப்பாள். தினமும் பதினைந்து பேருக்குச் செய்கிற வேலை. அன்றைக்குக் கை போகவில்லை. போர்வை விளிம்பு எங்கே இருந்ததோ அங்கேயே கருவியை வைத்தாள். வைக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் மேலே.

இரண்டு விரல்தானே என்று நினைக்காதீர்கள். மேலேயிருந்து பார்த்தால் இதயம் குட்டையாகத் தெரியும். உண்மையான நுனி படத்துக்கு வெளியே நின்றுவிடும், பக்கச் சுவரே நுனி மாதிரி உருண்டையாக வந்து ஏமாற்றும். கற்றுக்குட்டிகள்தான் ஏமாறுவார்கள். அவள் ஏமாறவில்லை. படம் குட்டை என்று பார்த்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்தது.

"உள்ளே உங்க அக்கா தெரியறாளா பாரு" என்றார் அத்தான், கூரையைப் பார்த்தபடியே. அவருக்கும் கூச்சம், அதைக் கேலியால் மூடுகிறார்.

"தெரியறா. உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கா" என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கருவியை எடுத்துவிட்டாள்.

ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்றால், கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்ததும் எல்லா வரியும் 'நன்றாக இருக்கிறது' என்று தயாராக வந்து நிற்கும். எது சரியில்லையோ அதை மட்டும் அழித்துவிட்டு மாற்றி எழுத வேண்டும். முன்சுவர் அசையவில்லை என்று மாற்றினாள். இதயத்தின் பலம் குறைவு என்று மாற்றினாள். ஏழாவது வரிக்கு வந்தாள். 'இடது கீழறையில் இரத்தக் கட்டி இல்லை.' அதை அழித்துவிட்டு 'நுனி சரியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் பெரிய டாக்டர் வருவார், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றி மறுபடி எடுக்கச் சொல்வார். அந்த மருந்து போனால் இதயத்தின் கீழறை முழுக்க வெள்ளையாக நிறைந்து கட்டி மட்டும் கறுப்பாகத் தனித்துத் தெரியும். அத்தானை மறுபடி படுக்கவைக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும். உனக்கா நுனி தெரியவில்லை என்று ஆமை கேட்பார். அவள் அந்த வரியைத் தொடவில்லை, எட்டாவது வரிக்குப் போய்விட்டாள்.

பெரிய டாக்டர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அத்தான் வீட்டுக்குப் போனார்.

நாலு நாள் போயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு அம்மாவுக்கு எக்கோ எடுத்துக்கொண்டிருந்தாள். அதே மாதிரி முன்சுவர் அடைப்பு. அந்த அம்மாவைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருப்பிப்போட்டு அழுத்தியதில் இதயம் நீளமாக, கூர்மையாக, நுனியோடு வந்தது. நுனியில் சின்னதாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டு ஆடியது. கட்டி.

எக்கோக்காரிக்கு அத்தானின் ஏழாவது வரி ஞாபகம் வந்தது. அந்த அம்மாவை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அத்தானுடைய பழைய படங்களைத் திறந்தாள். ஆறு படம், ஒவ்வொன்றும் சில துடிப்பு ஓடும். ஐந்தில் ஒன்றும் இல்லை. ஆறாவதில், மூச்சு விட்டபோது நெஞ்சு கொஞ்சம் இறங்கி, மூன்று துடிப்பு நேரம் நுனி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அந்த மூன்று துடிப்பில் ஓரமாக ஒரு மங்கல் நிழல். நிழலாகவும் இருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம். நிறுத்தி, ஓட்டி, பெரிதாக்கி, இருபது தடவை பார்த்தாள். சிரித்துக்கொண்டே கருவியை எடுத்தாளே, அது இந்த இடத்தில்தான்.

பெரிய டாக்டர் எதிர் அறையில்தான் இருந்தார். பத்தடி. போய் நின்று, "டாக்டர், நான் சரியாப் பார்க்காம எழுதிட்டேன்" என்று ஒரு வார்த்தை. கதவுப் பிடி வரைக்கும் கை போனது. ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று கேட்பாரே, என்ன சொல்வது? கூச்சமாக இருந்தது என்றா? இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், சட்டையைக் கழற்றச் சொல்ல வெட்கப்பட்டேன் என்றா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

எப்படியும் அத்தானை வரவழைத்தால் போதும், காரணம் யாருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு குறுக்குப் புத்தி. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அன்னிக்கு எடுத்த படம் மெஷின்ல சரியா பதிவாகலையாம். இன்னொரு தடவை எடுத்துடலாம். அத்தானைக் கூட்டிட்டு வர்றியா?"

"இப்பவா? இப்பத்தான்டி சாப்பிட்டுக் கண் அசந்திருக்காரு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

பின்னாலிருந்து அத்தானுடைய கரகரத்த குரல் கேட்டது. "யாரு, உன் தங்கச்சியா? என்னை விட்டா அவளுக்கு வேற ஆளே கிடைக்கலையாமா?"

"சும்மா படுங்க நீங்க" என்று அக்கா அவரை அதட்டிவிட்டுப் போனுக்கு வந்தாள். "காலையில முதல் ஆளா வந்துடறோம். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

கேட்டுவிட்டாள். அக்கா சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டுவிட்டாள்.

"இல்லக்கா" என்றாள் எக்கோக்காரி. "அவசரம் ஒண்ணும் இல்ல. காலையில வாங்க."

அடிப் பாவி!

அன்று சாயங்காலம் முழுக்கத் தனக்குத் தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிழலாகத்தான் இருக்கும். கட்டியாகவே இருந்தாலும் எல்லாக் கட்டியும் உடைவதில்லை, நூறில் பத்துப் பேருக்கோ பதினைந்து பேருக்கோ. அதுவும் ஒரே ராத்திரியிலா உடைந்துவிடும்? மறுநாள் முதல் இடத்தை அத்தானுக்கு ஒதுக்கிவைத்தாள், ஊசி மருந்தையும் எடுத்துத் தயாராக வைத்தாள். இந்தத் தடவை போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பார்ப்பேன் என்று சபதம் வேறு. வீட்டில் சோறு இறங்கவில்லை. புருஷன் என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

காலையில் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"டீ டம்ளரைப் பிடிக்க மாட்டேங்கிறாருடி" என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வலது கை தொங்குது. கூப்பிட்டா பார்க்கிறாரு, பேச வரல. வாய் ஒரு பக்கமா... எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு! இப்பவே, இந்த நிமிஷமே! எதுவும் குடிக்கக் கொடுக்காதே!" என்று கத்தினாள். அந்தக் கத்தலை நேற்று மதியம் கத்தியிருக்க வேண்டும்.

அத்தான் பிழைத்தார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையை ஸ்கேன் எடுத்து, தொடை வழியாகக் குழாய் விட்டு, மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் சிக்கியிருந்த கட்டியை வெளியே இழுத்தார்கள். கால் அசைந்தது. கை அசையவில்லை. பேச்சு வரவில்லை. "மாசக்கணக்காகும், எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது" என்றார் மூளை டாக்டர்.

இதயத்தை ஆமைதான் பார்த்தார். இந்தத் தடவை எக்கோக்காரி வாசலிலேயே நின்றுகொண்டாள். மருந்து ஏறிக் கீழறை வெள்ளையானதும், நுனியில் கறுப்பாக ஒரு துண்டு, மேல்பக்கம் பிய்ந்துபோய், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது. பெரிய டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து ஏழாவது வரியைப் படித்தார்.

"அன்னிக்கு இல்ல. அப்புறம் வந்திருக்கு. நாலஞ்சு நாள்ல வரக்கூடியதுதான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். அவளைப் பார்த்து, "நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்று வேறு சொன்னார்.

ஆமை கருவியைத் துடைத்துக்கொண்டே அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். எக்கோக்காரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். தப்பித்தாயிற்று. டாக்டரே கதவைத் திறந்து அனுப்பிவிட்டார். இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்போடுதான் அக்காவைத் தேடிப் போனாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, வெளியூரில் வேலை பார்க்கிற மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க சித்தி நேத்தே கூப்பிட்டாடி. மத்தியானமே கூப்பிட்டா. நான்தான் அப்பா தூங்கட்டும்னு நாளைக்கு வர்றேன்னு சொன்னேன். என் வாயில என்ன சனியன் உட்கார்ந்திருந்துச்சோ... நான்தான்டி உங்கப்பாவைக் கெடுத்துட்டேன். நான் ஒருத்திதான்." சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை எக்கோக்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சுக்காதேக்கா."

"விடுடி. நீயாவது அவ்வளவு அக்கறையா கூப்பிட்டே. நான் கேட்டேனா?"

தான் செய்த பாவத்தைத் தான் சுமக்கலாம். அக்காவின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, அவள் கையையும் பிடித்து ஆறுதல் சொல்வதா? வாழ்நாள் முழுக்க அக்கா இந்த நெற்றியில் அடித்துக்கொள்ளப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியுமா? எக்கோக்காரி போனை வாங்கி, "சித்தி அப்புறம் பேசறேன்மா" என்று சொல்லித் துண்டித்தாள்.

"நீ கேட்டேக்கா" என்றாள். "அவசரமான்னு கேட்டே."

"ஆமா. நீ இல்லேன்னே. உனக்கென்ன தெரியும் பாவம்."

"தெரியும்."

அக்காவுக்குப் புரியவில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கு நான் சரியாப் பார்க்கல. அத்தான் கூச்சப்பட்டாரு, நானும் கூச்சப்பட்டேன். வைக்க வேண்டிய இடத்துல வைக்கல. பார்க்காமலே கட்டி இல்லன்னு எழுதிட்டேன். நேத்து மத்தியானம் பழைய படத்தைப் பார்த்தப்போ சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணேன்."

"சந்தேகம் வந்துதான் கூப்பிட்டியா?"

"ஆமா."

"அப்போ நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அவசரம் இல்லன்னு சொன்னே."

எக்கோக்காரி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தாள். அறைவாள் என்றுகூட எதிர்பார்த்து, அறைந்தால் தேவலை என்று முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அழுகையைத்தான் நிறுத்தினாள். பிடியிலிருந்த கையை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே ஒரு ஆள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு மூடினார்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கண் முழிச்சுட்டாரு. யாராவது ஒருத்தர் வரலாம். எக்கோ மேடம் நம்ம ஸ்டாஃப்தானே, நீங்களும் வேணும்னா வாங்க."

இரண்டு பேரும் எழுந்தார்கள். அக்கா திரும்பினாள்.

"நீ உட்காரு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "உன்னைப் பார்த்தா ஏதாவது கேலி பேசப் பார்ப்பாரு. பேச வராது. அதை நான் நின்னு பார்க்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. எக்கோக்காரி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.